இடது கீழ் மூலைப் பொட்டு

மாமு,

இன்று ஆயுத பூஜை. காலையில் நான் ஷட்டரை முழுக்கத் தூக்குவதற்குள் எதிர்ப் பூக்கடை அக்கா வாழையிலைத் துண்டில் சந்தனம், குங்குமம், ஒரு பிடி பொரி எல்லாம் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். "இந்த வாட்டி யாரு பொட்டு வெப்பாங்க பாய்?" என்றார். கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்கும். இலையை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். சந்தன வாசனை கடை முழுக்கப் பரவிவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே நான் எழுதிக் கொடுத்த பாட்டு லிஸ்டை நீ ஒழுங்காகப் படித்ததில்லை, இதையா படிக்கப்போகிறாய்?

இருபது வருஷமாக இந்தக் கடையில் பொட்டு வைத்தது நீதான். தொழுகைக்குப் போகிற ஆளின் சவுண்ட் சர்வீஸ் கடையில் ஸ்பீக்கருக்கெல்லாம் சந்தனப் பொட்டு. தண்டையார்ப்பேட்டையில் இதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட்டதில்லை. வருஷா வருஷம் வாசலில் நின்று "வெக்கட்டா மாமு?" என்று கேட்பாய். "வெச்சிக்கோ, சூடம் மட்டும் காட்டாத, வயரு கீது" என்று நானும் வருஷா வருஷம் சொல்வேன். ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு மூலையிலும் நாலு பொட்டு. ஒன்று கோணலாகப் போனாலும் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பாய். வேறு எந்த விஷயத்திலும் உனக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

மேடையில் நீ கீபோர்டு, கீழே நான் மிக்சர். காசிமேட்டுக் கல்யாணம், ராயபுரத்து மாதா கோயில் திருவிழா, காலடிப்பேட்டையில் காதுகுத்து என்று எங்கே கூப்பிட்டாலும் வேனில் ஏறிவிடுவோம். உனக்குச் சத்தம் பத்தவில்லை என்றால் என்னைப் பார்த்து முகவாயை ஒருமுறை மேலே தூக்குவாய். நான் ஏற்றுவேன். இத்தனை வருஷத்தில் அதற்கு மேல் நமக்குள் பாஷை தேவைப்படவில்லை. திரும்பும்போது வேனில் கீபோர்டை மடியில் வைத்து, பேர் இல்லாத ஒரு மெட்டை வாசித்துக்கொண்டே வருவாய். கொஞ்சம் கொஞ்சமாக அது வளர்ந்துகொண்டே போனது. என்ன பாட்டு என்று யாராவது கேட்டால் "இன்னும் பேரு வெக்கல" என்பாய். ஒருநாளும் அதை மேடையில் வாசித்ததில்லை.

அப்புறம் கச்சேரிகள் குறைந்தன. நீ திருவொற்றியூரில் ஒரு பிரஸ் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாய். இரும்புத் தகட்டை வைத்தால் மேலேயிருந்து இறங்கி அடித்து வெட்டுகிற மெஷின். ஒரு முற்பகலில் அது தகட்டோடு உன் வலது கையின் மூன்று விரல்களையும் எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம். காயம் ஆறியதும் அதே பட்டறையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற வேலை கொடுத்தார்கள். நீ போனாய். ஆனால் வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அதை யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் தவறாமல் கடைக்கு வருவாய். இடது கையால் டீ குடிப்பாய். வேலை இருந்தால் இடது கையால் வயர் சுற்றித் தருவாய். ஒருநாள், இடது கையாலேயே வாசிக்கலாமே, எத்தனையோ பேர் வாசிக்கிறார்களே என்று பெரிய மேதை மாதிரி சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனவன் எட்டு நாள் வரவில்லை. அதற்குப் பிறகு உன் கையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் நான் நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரை மூடினார்கள். ஸ்பீக்கர்களைக் கழற்றப் போன என்னிடம் அந்தப் பெரிய தொடுதிரை போர்டையும் எடுத்துப் போங்கள் என்றார்கள். ஒரு மூலையில் கீறல். கட்டில் அகலம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பைப் வாங்கி, சக்கரம் வைத்து ஒரு ஸ்டாண்டு வெல்டிங் அடித்து, அதில் சாய்வாக நிறுத்தினேன். என் லேப்டாப்பில் பாட்டுப் பதிவு செய்கிற சாஃப்ட்வேரை அதற்கு இணைத்தபோது எனக்கே தலைகால் புரியவில்லை. மவுஸால் நோண்டி நோண்டி நகர்த்திய வால்யூம் கோடுகளெல்லாம் முழங்கை நீளத்துக்கு எதிரில் நின்றன. விரலை வைத்து இழுத்தால் வந்தன. கீபோர்டு கட்டைகளும் திரையில் வரும். அவற்றை எந்த அளவுக்கு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். நீ அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை உன்னைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஜும்மாவுக்குப் போனேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே கேட்டது. வேனில் கேட்ட அந்த மெட்டு, தடுக்கித் தடுக்கி. செருப்பைக்கூடச் சத்தம் இல்லாமல் கழற்றிவிட்டு வெளியே நின்றேன். நீ திரையில் கட்டைகளை இட்லித் தட்டு அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தாய். வலது கை வெளியே வந்திருந்தது. இரண்டு விரலாலும், விரல் இல்லாத இடத்தின் மேட்டாலும், உள்ளங்கை ஓரத்தாலும் வாசித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாய். கையைப் பாக்கெட்டுக்குள் விடப்போய், பாதியில் விட்டுவிட்டாய்.

"கீபோர்டுல எவன் கைக்கோ அளவெடுத்துக் கட்டைய வெச்சிகீறான். இதுல நம்ம கைக்கு ஏத்த மாதிரி வருது மாமு" என்றாய்.

அன்றைக்கு நான் உனக்குத் தெரியாமல் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இப்போதுதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு உன்னோடு மல்லுக்கட்டியதில் என் பாதி உயிர் போனது. தொட்டால் சத்தம் தாமதமாக வருகிறது என்றாய். எனக்கு ஒரு தாமதமும் தெரியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கிண்டல் செய்தேன். நீ கோபப்படவில்லை. "தொட்றது இங்க, சத்தம் எண்ணூர்லேர்ந்து லாரி புடிச்சி வருது" என்றாய். வேண்டாத புரோகிராம்களையெல்லாம் மூடி, உள்ளே ஒரு அமைப்பை மாற்றினேன். தாமதம் போய்விட்டது. இருபது வருஷம் காதை வைத்துப் பிழைத்தவன் நான். உன் காதுதான் சரி என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

அடுத்த வம்பு, கண்ணாடிக்கு மெதுவும் பலமும் தெரியாது. எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம். இரண்டு நாள் யோசித்துவிட்டு நீயே வழி சொன்னாய்: கட்டையின் மேல்பாதியில் தொட்டால் பலமாகவும் கீழ்ப்பாதியில் தொட்டால் மெதுவாகவும் வர வேண்டும். சாஃப்ட்வேரில் அப்படி வைக்க இடமிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

இன்னொன்றும் இருந்தது. அந்த போர்டு கண்ணாடியைத் தொடுவதைப் பார்க்காது. அதன் சட்டத்தைச் சுற்றிக் கண்ணாடிக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுகிறது. அதை எது மறித்தாலும் விரல் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு ஈ உட்கார்ந்து ஒரு சுரம் வாசித்துவிட்டுப் போனதே, நினைவிருக்கிறதா? "உன்னவிட இது சுருதி சுத்தமா கீது மாமு" என்றாய். நீ அப்போது முழுக்கைச் சட்டை போட்டுக் கையை மறைத்துக்கொண்டிருந்த காலம். சட்டை நுனி பட்டுப் பட்டுக் கண்ட சத்தமெல்லாம் வந்தது. வேறு வழியில்லாமல் முழங்கைக்கு மேலே மடித்து விட்டாய். பூக்கடை அக்கா வந்து பார்த்தார், டீக்கடைக்காரர் வந்து பார்த்தார். நீ மடிப்பை இறக்கவில்லை.

போன வருஷம் இதே நாள். நீ வேலை பார்த்த பட்டறையில் பூஜைக்கு வந்து வாசிக்கச் சொன்னார்கள். நீ மூன்று நாள் பதில் சொல்லவில்லை. எந்த இடத்தில் விரல் போனதோ அந்த இடம். துணியில் சுற்றி உன்னைத் தூக்கி ஓடியவர்கள், அதற்கப்புறம் உன் முகத்தைப் பார்த்தே பேசுகிறவர்கள், அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பார்கள். நான்காம் நாள் வந்து, "வாசிக்கறேன். அந்தப் பேரில்லாத மெட்டுதான் மொதல்ல" என்றாய். அவர்கள் உன்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்வதை ஒருநாளாவது நிறுத்த வேண்டும் என்று அப்புறம் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னாய்.

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போர்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கண்ணாடியில் படிந்த கரித்தூளைத் துடைத்து, எல்லாம் சரி பார்த்தாயிற்று. பூஜை நேரத்தில் மெஷின்களையெல்லாம் நிறுத்துவார்கள் இல்லையா, போர்டையும் அணைத்தோம். லேப்டாப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த பிரஸ் மெஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். முதல் பொட்டை உன்னையே வைக்கச் சொன்னார்கள். நீ அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாய். பக்கத்தில் யாரோ அந்த மெஷினைத் திட்டினார்கள். "மிஷினு இன்னா பண்ணும், அடிக்கறதுக்குனே செஞ்சது" என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு விரலால் சந்தனம் தொட்டு வைத்தாய்.

நான் திரும்பி நம் போர்டைப் பார்த்தேன். லேத், டிரில், கிரைண்டர், வாசலில் நின்ற ஆட்டோ வரைக்கும் பொட்டு இருந்தது. நம் போர்டு மட்டும் கறுப்பாக, வெறும் நெற்றியோடு நின்றது. உனக்குக் கையைத் திருப்பிக் கொடுத்த சாமான், அதற்கு ஒரு பொட்டு இல்லையா என்று எனக்குப் பொறுக்கவில்லை. தட்டிலிருந்து சந்தனத்தை வழித்து, நீ என் பெட்டிகளுக்கு வைக்கிற மாதிரியே கண்ணாடியின் நாலு மூலையிலும் வைத்தேன். கஞ்சத்தனம் இல்லாமல் கெட்டியாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் கையால் வைத்த பொட்டு. ஈ உட்கார்ந்தாலே வாசிக்கிற கண்ணாடி அது என்று தெரிந்தவன் நான். புத்தி அந்த நேரத்தில் எங்கே மேயப் போனதோ!

நீ வந்து உட்கார்ந்தாய். சட்டையை மடித்துவிட்டாய். போர்டைப் போட்டதும் அடிக்கட்டையில் ஒரு ஸா கிளம்பியது. நீ இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கவில்லை. நிற்காமல் ஊம் என்று போய்க்கொண்டே இருந்தது. நான் வயரைப் பிடுங்கிச் செருகினேன், மிக்சரைத் தட்டினேன். போகவில்லை. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், பாவம் அந்தக் கையை வெச்சிகினு அவன் இன்னா பண்ணுவான் என்றது எனக்கே கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும்.

அப்போது நான் சொன்னேன். மிக்சர் பக்கத்தில் இருந்த மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துச் சொன்னேன். அது ஆன் ஆகியிருந்தது.

"கைய எடு மாமு. உன் கைதான் பட்டுகினு கீது."

பட்டறை முழுக்கக் கேட்டது.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாய். ஐந்து விரல் ஒரு பக்கம், இரண்டு விரல் ஒரு பக்கம். இரண்டு வருஷம் பாக்கெட்டுக்குள் கிடந்த கையை அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஸா மட்டும் போய்க்கொண்டே இருந்தது. உன் கை இல்லை அது என்று எல்லாருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஒரு ஊரே உன் கையைக் குறை சொல்லட்டும், நான் சொல்லலாமா?

கையை இறக்காமலேயே நீ திரையை மூலை மூலையாகப் பார்த்தாய். மற்ற மூன்று மூலைப் பொட்டுக்கும் அடியில் கட்டை எதுவும் கிடையாது. இடது கீழ் மூலையில்தான் அந்த ஸா இருந்தது, அதன் மேல் என் பொட்டு. "யாரு வெச்சது?" என்று கேட்டாய். என் விரலில் சந்தனம் காயாமல் இருந்தது. நான் அதைக் கைலியில் துடைத்தேன், நீ பார்த்துவிட்டாய்.

ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். நீ இடது கையால் என்னைத் தடுத்தாய்.

"உடு மாமு. அடி சுரத்தப் புடிக்க எனக்கு ஒரு வெரலு பத்தாம இருந்துச்சி. நீ வெச்சிட்ட."

அப்புறம் வாசித்தாய். என் பொட்டு கீழே ஸாவைப் பிடித்துக்கொண்டிருக்க, அதன் மேலே அந்த மெட்டு நடந்தது. கடையில் தடுக்கிய இடங்களில்கூடத் தடுக்கவில்லை. பாதியில் என்னைப் பார்த்து முகவாயைத் தூக்கினாய். நான் ஏற்றினேன். முன்வரிசை ஆள் எழுந்து நின்றுகொண்டு கேட்டார். முடிந்ததும் பட்டறைக்காரர்கள் வந்து உன் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இடது கையை அல்ல. நீ அதை எப்படிப் பார்த்தாய் என்று எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து மாதம். எங்கே போனாலும் வாசிப்பதற்கு முன்னால் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டுவாய். மாதா கோயில் திருவிழாவிலும் நீட்டினாய். நீயே வைத்துக்கொள்ளேன் என்றால், நீ வைத்தால்தான் சரியாக விழுகிறது என்பாய். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் வயரைப் பற்றியோ ஸ்டாண்டு சக்கரத்தைப் பற்றியோ பேசி முடித்தேன். நீயாக அதை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருக்கலாம். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆடியில் ஒரு காலை. டீ குடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தாய் என்றார்கள். நான் வருவதற்குள் உன்னை உன் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். யாரோ உன் இடது கையை வலது கைக்கு மேலே வைத்து, அதன் மேல் மாலையை இழுத்து மறைத்திருந்தார்கள். நல்ல மனசோடுதான் செய்திருப்பார்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. உன் மனைவியைப் பார்த்தேன். தலையாட்டி, "மேல வைங்கண்ணா" என்றது. மாலையை நகர்த்தி வலது கையை எடுத்து மேலே வைத்தேன். அவ்வளவு குளிர்ச்சியாக அதை நான் தொட்டதே இல்லை.

உன்னைக் கொண்டுபோனதிலிருந்து போர்டு மூடியே கிடந்தது. இன்றைக்குப் போர்வையை எடுத்தேன். கடையில் எல்லாப் பெட்டிக்கும் நானே பொட்டு வைத்தேன். கோணலாகத்தான் வந்தது, மன்னித்துக்கொள். கடைசியில் போர்டைப் போட்டு, நீ வைத்திருந்த அதே கட்டைகளை எடுத்து, இடது கீழ் மூலையில் கெட்டியாக ஒரு பொட்டு வைத்தேன். ஸா கிளம்பியது.

அதைக் கேட்டபடிதான் இவ்வளவும் எழுதினேன். கொஞ்சம் முன்னால் பூக்கடை அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா பாய், ரொம்ப நேரமா ஒரே சத்தம் ஓடிகினு கீது, ரிப்பேரா?" என்றார். ரிப்பேர் இல்லை, வாசிக்கிற ஆள் இன்னும் வரவில்லை என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மிக்சரில் உன் சத்தத்தை ஏற்றி வைத்திருக்கிறேன், நீ முகவாயைத் தூக்க வேண்டாம். மைக்கைக் கையில் எடுத்தேன். ஆன் ஆகியிருக்கிறதா என்று இந்தத் தடவை பார்த்துக்கொண்டேன். தெருவுக்கே கேட்கட்டும்.

கைய வை, மாமு.